“கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்!”

பழைய கார் வாங்கி ஏமாந்தவருக்கு நாதி இல்லையா?

காலை ஒன்பதரை மணி. ஆபீஸ் போகிற நேரம். ஸ்ரீரங்கத்தில் இருந்து சத்திரம் பஸ் நிலையம் பக்கம் வருகிற கூட்டம் முழுவதும் காவிரிப் பாலத்தில் நிற்கிறது. என்ன விஷயம்? நடுப்பாலத்தில் ஒரு கார் படுத்துவிட்டது. பானட்டைத் திறந்தால் குபுகுபு என்று புகை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். “வண்டியைத் தள்ளுய்யா ஓரமா!” என்று நாலு பக்கமும் சத்தம். காருக்குள் மனைவியும் குழந்தையும். காரை ஓட்டி வந்தவருக்கோ அவமானத்தில் முகம் சுண்டிப் போய்விட்டது.

அந்தக் காரை அவர் வாங்கி 12 நாள்தான் ஆகிறது. விலை ரூ.3 லட்சத்து 40 ஆயிரம். மனைவியின் நகையை அடகு வைத்தது பாதி. கடன் வாங்கியது மீதி.

இது ஒரு குறிப்பிட்ட ஆளின் கதை என்று எண்ண வேண்டாம். பழைய கார் வாங்கிப் பட்டவர்கள் எல்லோருடைய கதையும் ஏறக்குறைய இதுதான். ஊர் மாறும், காரின் நிறம் மாறும். கன்சல்டிங் கடையில் சொல்கிற வசனம் மட்டும் மாறுவதே இல்லை. “டாக்டர் ஓட்டின வண்டி சார். சிங்கிள் ஓனர். ஷோரூம் கண்டிஷன். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்!”

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். இப்போது கண் விழித்துக்கொண்டு தவிக்கிறார்.

திரும்பக் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கிறது? வாங்கும்போது டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தவர் இப்போது தலை நிமிர்ந்து பார்ப்பது இல்லை. “பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க? உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!” என்கிறார். வந்தவரும் தலையெழுத்து என்று திரும்பி விடுகிறார்.

தலையெழுத்து இல்லை. இதற்குச் சட்டம் இருக்கிறது. அது ரொம்பப் பேருக்குத் தெரியவில்லை என்பதுதான் வியாபாரிகளில் சிலருக்கு வசதியாகப் போய்விட்டது.

தேய்மானம் வேறு, மோசடி வேறு

முதலில் நியாயத்தைப் பேசிவிட வேண்டும். பழைய கார் பழைய கார்தான். எட்டு வருடம் ஓடிய வண்டியில் டயர் தேய்ந்திருக்கும், பாட்டரி பலவீனமாக இருக்கும், கிளட்ச் கொஞ்சம் கனமாக இருக்கும். அதற்காகத்தான் விலையும் குறைவு. அதை எல்லாம் சாக்காக வைத்து வியாபாரியைக் கோர்ட்டுக்கு இழுத்தால் அது நியாயம் ஆகாது.

ஆனால் ஒன்றரை லட்சம் கிலோ மீட்டர் ஓடிய வண்டியின் மீட்டரைத் திருப்பி வைத்து 48 ஆயிரம் என்று காட்டினால் அது தேய்மானமா? விபத்தில் நொறுங்கிய வண்டிக்கு டிங்கரிங் செய்து, பெயிண்ட் அடித்து, “ஒரு கீறல் கூட விழாத வண்டி” என்று விற்றால் அது தேய்மானமா? வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து, செண்ட் அடித்து நிறுத்தினால்? ஃபைனான்ஸ் கடன் அடையாத வண்டியைக் கடன் இல்லை என்று தள்ளிவிட்டால்? இதெல்லாம் அப்பட்டமான மோசடி.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயலிலும் அதே கதை. மூழ்கிய கார் எல்லாம் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும் என்பது இல்லை. ஏலத்தில் கை மாறி, பழுது பார்க்கப்பட்டு மறுபடியும் ரோட்டுக்கு வருவதும் உண்டு. விவரத்தைச் சொல்லி, அதற்கு ஏற்ற விலைக்கு விற்றால் தப்பு இல்லை. மறைத்து விற்பதுதான் தப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். அதற்குப் பதிலாக 2019-ம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. கடையில் வாங்கிய பொருள் புதுசா, பழசா என்று பார்த்து இந்தச் சட்டம் பாதுகாப்பை மறுப்பது இல்லை. வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கியவர் நுகர்வோர். அவ்வளவுதான்.

பொருளின் தரம், பழசு புதுசு பற்றிப் பொய் சொல்லி விற்பது “முறையற்ற வணிக நடைமுறை” என்று சட்டம் சொல்கிறது. ரசீது கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. இது பலருக்குத் தெரியாது. குறை உள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

“வாங்குகிறவன்தான் பார்த்து வாங்கணும்” என்கிறார்களே, அது பாதி உண்மை. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இதற்கு விதிவிலக்கு உண்டு. வாங்குகிறவர் இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, வியாபாரியின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்குப் பொருள் லாயக்காக இருக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு வேண்டுமானால் வாங்கினவர் பொறுப்பு. என்ஜினுக்குள் ஒளிந்திருக்கும் குறைக்கு அவர் எப்படிப் பொறுப்பு ஆவார்? குமாஸ்தா கண்ணில் மெக்கானிக் கருவி பொருத்தியா வைத்திருக்கிறார்கள்?

கோவாக்காரர் நடத்திய போராட்டம்

சட்டம் ஏட்டில் மட்டும்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் கோவாவில் நடந்த ஒரு வழக்கைத் தெரிந்து கொள்ள வேண்டும். 2011-ம் ஆண்டு அங்கே ஒருவர் டீலரிடம் புதிய டாடா கார் ஒன்றுக்குப் பணம் கட்டினார். 2011 மாடல் என்று காசு கொடுத்தவருக்கு வந்து சேர்ந்தது 2009 மாடல். மீட்டரில் 622 கிலோ மீட்டர் ஓடியிருந்தது. அடிப்பாகத்தில் துரு. பம்பரில் கீறல்.

வேறு கார் கொடு, இல்லாவிட்டால் பணத்தைக் கொடு என்று கேட்டார். கிடைக்கவில்லை. மாவட்ட மன்றத்துக்குப் போனார். மாவட்டம், மாநிலம், தேசிய ஆணையம் என்று வரிசையாக அவர் பக்கமே தீர்ப்பு. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2021-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி முடிவு வந்தது. டீலர் செய்த காரியத்துக்குக் கார் கம்பெனி பொறுப்பு அல்ல என்று கம்பெனியை விடுவித்தது கோர்ட்டு. டீலர் தப்பவில்லை. அவருடைய பொறுப்பு அப்படியே நின்றது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, விற்ற கடைக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும். மற்றொன்று கசப்பானது. ஒரு கார் விவகாரத்துக்குப் பத்து வருடம்! சாமானியன் தாங்குவானா?

டாக்சிக்காரருக்கும் உரிமை உண்டு

“நீ வாடகைக்கு ஓட்டுறவன். நீ நுகர்வோர் இல்லை” என்று டாக்சி டிரைவர்களை மிரட்டுவது உண்டு. இது தவறு. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1995-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கி விட்டது. பிழைப்புக்காக வண்டி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். ஆட்டோ டிரைவரையே கோர்ட்டு உதாரணமாகக் காட்டியது. பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டும் முதலாளியின் கதை வேறு.

கடைக்காரர் அல்லாத ஒரு தனி ஆளிடம், அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கினால் என்ன செய்வது? அவர் வியாபாரி அல்ல. அங்கே நுகர்வோர் சட்டம் கை கொடுப்பது கஷ்டம். சிவில் கோர்ட்டு, மோசடி என்றால் போலீஸ் என்றுதான் போக வேண்டும். கடையில் வாங்குவதில் உள்ள பெரிய லாபமே இந்தப் பாதுகாப்புதான். அந்தக் கடைக்காரர் ரசீது தராமல், பழைய ஓனரின் கையெழுத்து வாங்கி நேரே உங்கள் கையில் கொடுத்து, தான் நடுவில் இல்லாதது போல நழுவினால் அந்தப் பாதுகாப்பு பறிபோகிறது.

இதைத் தடுக்கத்தான் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். சான்று ஐந்து வருடம் செல்லும். அங்கீகாரம் பெற்ற வியாபாரி தன் கைக்கு வந்த வண்டியைப் பற்றி முறைப்படி தகவல் கொடுத்ததும், அது விற்கும் வரை அவரே அதன் உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டி எதற்காக வெளியே போனது, எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்று பதிவேடும் வைக்க வேண்டும்.

பழைய ஓனருக்கும் இதில் நன்மை. பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் வீட்டுக்கு ஒரு நாள் கோர்ட்டு நோட்டீஸ் வரலாம்.

வாங்கும் முன்னால்...

கடைக்காரரின் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். டி.என்.45, டி.என்.48, டி.என்.81 எதுவாக இருந்தாலும் வண்டி நம்பரைப் போட்டு அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, அபராதம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து விடலாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். மீட்டர் திருப்பி வைத்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நாலு எண், எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லிவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேறு படிந்த கறை இருந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், பிறகு அழப்போகும் பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

முக்கியமான விஷயம். வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். “விபத்து ஆகாத வண்டி, ஓடிய தூரம் இவ்வளவு, என்ஜினுக்கு இத்தனை மாதம் பொறுப்பு” என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறாரா? அந்தக் கடைப் படியை விட்டு இறங்கி விடுங்கள். வாங்கிய பிறகு 30 நாளுக்குள் பெயர் மாற்றமும், 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் மாற்ற மனுவும் செய்து விடுங்கள்.

ஏமாந்த பிறகு...

முதலில் காரைக் கண்ட இடத்தில் பிரித்துப் போடாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டிக் குறையை எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் வாங்கிய காராக இருந்தாலும், ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். கம்ப்யூட்டர் மூலமாகவும் மனுக் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளில் இருந்து மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தீர்ப்பை மதிக்காதவருக்கு ஜெயில் உண்டு. ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை!

அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூரில் திருச்சிக்காரர்கள் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 2012-ம் ஆண்டு செப்டம்பர் முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பழைய காருக்கும் அது பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். அமெரிக்காவில் 1985-ம் ஆண்டு முதல், டீலர் விற்கும் பழைய காரின் கண்ணாடியில் உத்தரவாதம் உண்டா, இல்லையா என்று எழுதி ஒட்ட வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் நிரூபிக்கும் பாரம் முழுவதும் ஏமாந்தவர் தலையில்தான்.

சட்டம் வரும்போது வரட்டும். இங்கே இப்போதே செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களின் வாசலில், அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரிகளின் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டட்டும். சான்று இல்லாமல் கடை நடத்துகிறவர்களை நேரில் போய்ப் பார்க்கட்டும். ஹெல்மெட் போடாதவரை மடக்கும் சுறுசுறுப்பில் பாதியை இதில் காட்டினால் போதும்.

நாணயமான வியாபாரிகளும் இதை வரவேற்க வேண்டும். நல்ல வண்டியும் ஓட்டை வண்டியும் ஒரே பாலிஷில் பளபளத்தால், வாங்குகிறவர் இரண்டுக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுபடி ஆகாது. கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிதான் மிஞ்சும். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அக்கர்லாப் இதைத்தான் 1970-ம் ஆண்டு எழுதினார். 2001-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது பெரிய பட்டணங்களுக்கு மட்டும் உள்ள கணக்கு இல்லை. நம் ஊர் கன்சல்டிங் கடைக்கும் அதே கணக்குதான்.

நடுத்தரக் குடும்பம் கார் வாங்குவது ஆடம்பரத்துக்காக மட்டும் அல்ல. வயசான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, பிள்ளைகளை மழையில் நனையாமல் கூட்டி வர என்று நகையை அடகு வைத்து வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் கை வைப்பது சும்மா விடக்கூடிய காரியமா?

இனிமேல் யாராவது “கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்” என்று சொன்னால், சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொல்லுங்கள்: “சரிங்க. அதையே ரசீதில் எழுதிக் கொடுங்க!”