பளபளப்பை நம்பிக் கத்தி வாங்காதீர்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியதும் மாத்தளைக் கடைகளில் பளபளக்கும் இறக்குமதிக் கத்திகள் தொங்கத் தொடங்கும். மலிவுதான். ஆனால் இந்த மலிவுச் சில்வர் கத்திகளில் பல மெதுவான உருக்கு. முதல் மாட்டிலேயே கூர் மழுங்கி, அடுத்ததை இழுத்திழுத்து அறுக்க வேண்டி வரும். கத்தியைக் கூராக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்க, இதில் சில்லறை மிச்சம் பிடிப்பது என்ன உழ்ஹிய்யா?

வியாபாரியாகச் சொல்கிறேன், பழைய லொறி ஸ்பிரிங் தகட்டில் கொல்லர் அடித்த கத்தியை வாங்குங்கள். கறுப்பாக இருக்கும், துருவும் பிடிக்கும். ஆனால் கூர் நிற்கும். அலகுக்கு முன் பிடியைப் பாருங்கள். இரும்பு பிடியின் கடைசி வரை ஓடி, ஆணியால் இறுகியிருக்க வேண்டும்.

நல்ல கத்தியைக் கெடுப்பது மோட்டார் சாணைதான். பொறி பறக்கத் தீட்டி விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது. தண்ணீர் விட்டுக் கல்லில் கையால் தீட்டுங்கள், பிராணியின் கண்ணெதிரில் அல்ல. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிக் கடதாசியில் சுற்றி வையுங்கள். தோலுறை ஈரத்தை இழுக்கும்.

துல்கஃதாவிலேயே கொல்லரிடம் சொல்லிவையுங்கள். இரும்பு தேடி, அடித்து, பதம் பார்க்க அவருக்கும் நாள் வேண்டும்.