செட் மாத்திரைக்கு எந்த அரசிதழ்?

அசெக்ளோஃபெனாக் 50 மி.கி.யும் பாரசிட்டமால் 125 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை, மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின் கீழ் தடை செய்த 156 நிலை அளவுக் கூட்டு மருந்துகளில் ஒன்று. மெஃபெனமிக் அமிலமும் பாரசிட்டமாலும் சேர்ந்த ஊசி மருந்தும் அதே பட்டியலில் இருக்கிறது. மூட்டு வலிக்கும் தசை வலிக்கும் நாள்தோறும் எழுதப்படும் அசெக்ளோஃபெனாக்-பாரசிட்டமால் 100/325 மாத்திரையை இந்தத் தடை தொடவில்லை. இரண்டையும் பெயரால் குழப்பிக்கொள்ள இடமுண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

தடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியவருக்கு 125 மி.கி. பாரசிட்டமால் எதற்கும் போதாது. சிறுவருக்கு அசெக்ளோஃபெனாக்கின் பாதுகாப்பு நிறுவப்படவே இல்லை. ஆக, அந்த மாத்திரைக்கு உரிய நோயாளி என்று ஒருவரும் இல்லை. அது எப்படி உரிமம் பெற்று இத்தனை காலம் விற்பனையில் இருந்தது என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி.

இத்தகைய தடைகளின் வரலாறு நீண்டது. கூட்டு மருந்துகளை ஆராய்ந்த கோக்காட்டே குழுவின் அறிக்கையை ஒட்டி 2016 மார்ச் 10 அன்று 344 கலவைகள் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விவகாரத்தை மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்துக்கு அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை வந்தது. 2023 ஜூனில் மேலும் 14. நிமசுலைடும் பாரசிட்டமாலும் சேர்ந்து நீரில் கரையும் மாத்திரை அப்போது போனது. 2025 டிசம்பர் இறுதியில், உடனடியாக வெளிப்படும் வகையில் 100 மி.கி.க்கு மேல் நிமசுலைடு உள்ள வாய்வழி மருந்துகளும் நிறுத்தப்பட்டன. பட்டியல்கள் நீண்டுகொண்டே வருகின்றன. வலி மாத்திரை மக்கள் கைக்குப் போய்ச் சேரும் விதம் மட்டும் மாறவில்லை.

தடைக்குத் தப்பிய 100/325 மாத்திரையைப் பாதுகாப்பாகக் கையாள்வது கடினமில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின். அசெக்ளோஃபெனாக்கின் நாள் உச்சம் 200 மி.கி. அத்துடன் முடிந்தது. வலி அடங்கவில்லை என்று மதியமும் ஒன்று போட்டால் உச்சம் தாண்டிவிடும். பாரசிட்டமால் இரு வேளையிலும் சேர்ந்து 650 மி.கி.தான் வருகிறது என்பதால், வலி மிஞ்சும்போது தனிப் பாரசிட்டமாலைச் சேர்ப்பதே சரியான வழி. உடல் எடை குறைந்தவர், தினமும் மது அருந்துபவர், ஈரல் நோயுள்ளவர் ஆகியோருக்குப் பாரசிட்டமாலை எல்லாம் கூட்டி நாளுக்கு 2 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. முழங்கால் தேய்மானத்துக்கு டைக்ளோஃபெனாக் களிம்பே முதல் படி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. வாய்வழி மருந்து வேண்டியிருந்தால் மிகக் குறைந்த அளவில், மிகக் குறுகிய காலத்துக்கு, வயிற்றுப் பாதுகாப்புடன் கொடுக்கச் சொல்கிறது.

அசெக்ளோஃபெனாக்கில் ஒரு பகுதி உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காக மாறுகிறது. ஆகவே டைக்ளோஃபெனாக்குக்கு 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை விதித்த இதயக் கட்டுப்பாடுகள் பின்னர் இதற்கும் நீட்டிக்கப்பட்டன. மாரடைப்பு, பக்கவாதம், கால் இரத்தக்குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இம்மாத்திரை கூடாது. கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் தவிர்க்க வேண்டும். முன்பு வயிற்றுப் புண் இருந்தவர், 65 வயதைக் கடந்தவர், குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர் ஆகியோருக்கு ஒமிப்ரசோல் போன்ற ஒன்று சேராமல் இதை எழுதக் கூடாது.

இம்மாத்திரையோடு மூன்றாவது பொருள் சேரும்போது விவகாரம் வேறு. செராஷியோபெப்டிடேஸ் வீக்கத்தைக் குறைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஜப்பானில் அதை விற்றுவந்த டகேடா நிறுவனமே 2011இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே இன்னும் தாராளமாக எழுதப்படுகிறது. தயோகால்சிகோசைடு 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும், வாய்வழியாக ஏழு நாளுக்கு மேல் போகாமல் கொடுக்கத்தக்கது. அதன் வளர்சிதைப் பொருள் செல்பிரிவின்போது குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடியது என்பதால் கர்ப்பிணிக்கும், கர்ப்பத் தடுப்பு இல்லாத பெண்ணுக்கும் கூடவே கூடாது. குளோர்சோக்சசோன் அரிதாக ஈரலைக் கடுமையாகத் தாக்கும். சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு இந்த மூன்றில் எதுவும் கட்டாயமில்லை.

சிறுநீரகம் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும். எனலாபிரில் அல்லது லோசார்ட்டான், கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு, அதன் மேல் ஒரு வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரக வடிகட்டலைத் தாங்கிப் பிடிக்கும் வழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. வெயிலில் வேலை செய்து உடலில் நீர் வற்றியவருக்குச் சில நாட்களிலேயே கிரியாட்டினின் ஏறிவிடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. பெரிய நன்மை அது. ஆனால் அதே வீட்டில் வலி மாத்திரை எங்கிருந்து வருகிறது என்பதை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை.

ஜவ்வாதுமலையில் அது எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சரிவு நிலத்தில் குனிந்து சாமைக்குக் களையெடுப்பது, விறகும் தழையும் தலைச்சுமையாக இறக்குவது, பருவத்தில் புளியும் பலாவும் சேர்ப்பது என்று முதுகையும் முழங்காலையும் தேய்க்கும் வேலைகளே வாழ்க்கை. ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ செங்கத்துக்கோ வேறு வேலையாக இறங்குகிறவர், வரும் வழியில் மருந்துக் கடையில் கேட்பது ஒன்றுதான்: “உடம்பு வலிக்கு ரெண்டு நாளைக்கு செட் குடுங்க.”

செட் என்பது சீட்டில்லாமல் கடைக்காரரே பல மாத்திரைகளைச் சேர்த்து உறையில் மடித்துத் தருவது. மலை, சமவெளி வேறுபாடின்றித் தமிழ்நாடெங்கும் விற்பது அது. அதன் கணக்கைப் போட்டுப் பார்ப்பது மட்டும் அவசியம். வழக்கமான செட் ஒன்றில் 100/325 மாத்திரை ஒன்று, டைக்ளோஃபெனாக் 50 மி.கி. ஒன்று, டெக்ஸாமெத்தசோன் ஒன்று, வயிற்றுக்கு ரானிடிடின், நிறத்துக்கு ஒரு பி காம்ப்ளெக்ஸ் இருப்பதாகக் கொள்ளலாம். மூன்று வேளைக்கு அசெக்ளோஃபெனாக் 300, டைக்ளோஃபெனாக் 150. முதலாவது உச்சத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாவது சரியாக உச்சத்தில் நிற்கிறது. முதலாவதில் ஒரு பங்கு இரண்டாவதாகவே மாறவும் போகிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இவற்றோடு சேர்ந்தால் இரைப்பைப் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். ரானிடிடின் வழக்கமான அளவில் அதைத் தடுக்காது.

சுகம் உடனே கிடைக்கிறது என்பதே செட்டின் பலமும் ஆபத்தும். டெக்ஸாமெத்தசோன் இரண்டே வேளையில் பசியைத் தூண்டும், காய்ச்சலை இறக்கும், மூட்டை இளக்கும். அடுத்த வாரமும் அதே கடைக்கு ஆள் வருவார். வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் புதிதல்ல. உடம்பு வலியோடு வரும் அந்தக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் தேவை, செட் அல்ல. டெங்குவில் வலி மாத்திரை இரத்தக் கசிவை வரவேற்கும். பாம்புக் கடிக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. இவை எதையும் கேட்காமல், நாக்கைக்கூடப் பார்க்காமல், ஒரு காகித உறையில் ஐந்து மாத்திரைகள் மடித்துத் தரப்படுகின்றன.

சட்டத்தின் கண்ணில் இந்த உறை எதுவுமே இல்லை. 26ஏ பிரிவு, பெயரும் அளவும் சொல்லித்தான் ஒரு மருந்தைத் தடுக்கும். ஆலையில் சேர்த்தால் கூட்டு மருந்து. நிபுணர் குழு, அறிவிக்கை, உச்ச நீதிமன்றம். அதையே மேசையில் சேர்த்தால் ஒன்றுமில்லை. உறைக்குப் பெயர் கிடையாது, உற்பத்தியாளர் கிடையாது, தொகுதி எண் கிடையாது. உள்ளே உள்ள ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியே உரிமம் பெற்றது. மீறப்பட்டது, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்னும் ஷெட்யூல் எச் மட்டுமே. சீட்டில்லாமல் விற்றதை நிரூபிக்க, விற்ற அந்த நேரத்தில் அங்கே ஒருவர் நிற்க வேண்டும்.

நிற்க ஆள் எங்கே? 200 விற்பனைக் கடைக்கு ஒரு மருந்து ஆய்வாளர் வேண்டும் என்று மருந்து ஒழுங்குமுறையை ஆராய்ந்த மஷேல்கர் குழு 2003இல் பரிந்துரைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கடைகள் பெருகிய வேகத்தில் ஆய்வாளர் பணியிடங்கள் பெருகவில்லை; மலைப் பாதையில் ஏறி வருவது இன்னும் அரிது. ஷெட்யூல் கே ஆயிரம் பேருக்கு மிகாத ஊரில் உரிமமின்றிப் பாரசிட்டமாலும் ஆஸ்பிரினும் விற்க விலக்கு அளிக்கிறது. திறக்காத மூல உறையில் விற்க வேண்டும், ஷெட்யூல் எச் மருந்து கூடாது என்ற நிபந்தனைகளும் அதிலேயே உண்டு. பெட்டிக்கடையில் கத்தரித்துத் தொங்கும் அட்டைகளைப் பார்த்தால் அந்த நிபந்தனை யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றும்.

அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூலப் பெயரை வணிகப் பெயரைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. மூன்றோ அதற்கு மேலோ பொருள்கள் சேர்ந்த கலவைகளுக்கு அதிலிருந்து விலக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று மிக அவசியமாகத் தெரிய வேண்டிய மருந்துக்கே விலக்கு என்பது அமைச்சகத்தின் தர்க்கம். 2023 ஆகஸ்ட் முதல் 300 வணிகப் பெயர்களுக்கு க்யூஆர் குறி கட்டாயம். நான்கு மாத்திரையாக வெட்டித் தரும்போது குறி கடையிலேயே தங்கிவிடுகிறது, காலாவதித் தேதியும் தங்கிவிடுகிறது. தமிழில் ஒரு சொல்கூட இல்லாத அட்டை முழுதாகவே வந்தாலும், சாமைக் கொல்லையில் நிற்கிறவருக்கு அதனால் ஆவதென்ன?

அட்டையையும் உறையையும் சரிசெய்வது முடியாத காரியம் என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக்கை 2006இல் தடை செய்த பின்னும் மனிதருக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போயின. அந்த மருந்து தங்கிய மாட்டுப் பிணங்களைத் தின்ற பாறு கழுகுகள் தொடர்ந்து செத்தன. 2015இல் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசி 3 மி.லி. ஒற்றை அளவுக் குப்பியில் மட்டுமே வர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தபோது 2017இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவை நிலைநிறுத்தியது. 2023இல் அசெக்ளோஃபெனாக்கும் மாட்டுக்கு நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுகள். தவறான பயன்பாட்டைத் தடுக்க உறையின் அளவை மாற்றினால் போதும் என்று கழுகுக்காகத் தெரிந்த அரசுக்கு, மலைவாழ் மக்களின் சிறுநீரகத்துக்காக அது தெரியவில்லை. பிரிட்டன் 1998இல் பாரசிட்டமால் பொட்டலத்தின் அளவைச் சுருக்கி உயிரிழப்பைக் குறைத்தது. பத்து மாத்திரை அட்டை என்பது இரு வேளைக் கணக்கில் சரியாக ஐந்து நாள் மருந்து. ஒவ்வொரு மாத்திரைக் குழியின் பின்னும் மூலப் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்டால், ஏழை இரண்டு மாத்திரை வெட்டி வாங்கினாலும் தகவல் கூடவே போகும். அதற்கு எந்த நிபுணர் குழுவும் தேவையில்லை.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வதும் நேர்மையாகாது. தம் கிளினிக்கிலேயே பெயரில்லாத மாத்திரைகளை உறையில் போட்டுத் தரும் மருத்துவர்களிடமிருந்து கற்றதுதான் செட். 2015 மருந்தாளுநர் நடைமுறை விதிகள் நோயாளிக்கு விளக்கம் சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக வைத்துள்ளன. பட்டம் சுவரிலும் ஆள் வேறிடத்திலும் இருக்கும் கடையில் அந்தக் கடமையைச் செய்வது யார்?

அறிவிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகள் மருத்துவப் பணியாளர்களுக்கு இருக்கின்றன. இரத்த அழுத்த மருந்து தரும் ஒவ்வொருவரிடமும் “வலிக்கு வேறென்ன போடுறீங்க?” என்று கேட்டு நோயாளியின் பதிவு அட்டையில் குறிக்கலாம். சீட்டில் மூலப் பெயர், வேளை, நாள் கணக்கு மூன்றையும் எழுதலாம். செட் தின்று கறுப்பாக மலம் போனவர், சிறுநீர் குறைந்தவர், முகம் வீங்கியவர் வந்தால் பிரித்த உறையையும் மிச்ச மாத்திரைகளையும் வாங்கி வைத்து, மருந்து எச்சரிக்கைத் திட்டத்தின் 1800-180-3024 எண்ணில் தெரிவிக்கலாம். மெஃபெனமிக் அமிலத்தால் வரும் டிரெஸ் நோய்க்குறி என்ற கடும் மருந்து ஒவ்வாமை குறித்து 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் நூல் ஆணையம் எச்சரித்தது அத்தகைய அறிக்கைகள் போய்ச் சேர்ந்ததால்தான். செட் பற்றிய அறிக்கைகளையும் வாசகர்கள் தவறாமல் அனுப்ப வேண்டும். மருந்தின் பெயர் தெரியவில்லை என்றால், பெயர் தெரியாது என்றே எழுதி அனுப்ப வேண்டும்.