சாபமா? கையொப்பமா?

ஒருவன் கெட்டால் அதனை அவன் தலையெழுத்து என்று சொல்லிக் கையைக் கழுவிக் கொள்ளும் வழக்கம் நம் தோட்டப்புறங்களில் மட்டுந்தான் உண்டென்று எவரும் எண்ண வேண்டா. சந்திரனுக்கு ஆளனுப்பிய மேனாட்டாரிடமும் அது செழித்திருக்கிறது. பாட்ஃபிங்கர் என்னும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பேச்சை எடுத்தால் போதும், "அது சாபம் பிடித்த குழு" என்கின்றனர். அதன் தலைவர் 27 வயதில் மாண்டாராம். அவ்வயதிலே இறந்த இசைவாணர் வேறு சிலரும் உண்டாம். ஆகவே அந்த எண்ணிலேயே ஏதோ தீய சக்தி இருக்கிறதாம்! எண்ணின்மீது பழியைப் போட்டுவிட்டால் மனிதன் தப்பித்துக் கொள்வான் என்பதை இவர்கள் அறியார்களா?

நடந்ததைப் பார்ப்போம். வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் 1961ஆம் ஆண்டு சில இளைஞர் இக்குழுவைத் தொடங்கினர்; பின்னரே "ஐவீஸ்" என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1968இல் பீட்டில்ஸ் குழுவினரின் ஆப்பிள் கம்பெனி அவர்களை ஏற்றது. 1969இல் பெயர் மாறியது. பீட் ஹாம், டாம் எவன்ஸ், மைக் கிப்பின்ஸ், ஜோயி மோலண்ட் என்னும் நால்வரே உலகறிந்த பாட்ஃபிங்கர். ஹாமும் எவன்ஸும் சேர்ந்து இயற்றிய "வித்தவுட் யூ" என்னும் பாட்டை நில்சன் பாட, அது 1972இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. 1994இல் மரையா கேரி பாட, பிரிட்டனில் மறுபடியும் முதலிடம். அப்பாட்டை அறிந்தோர் எத்தனையோ பேர். இயற்றினவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

1970இல் ஸ்டான் பாலி என்னும் அமெரிக்க மானேஜரிடம் இவர்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் கையொப்பமிட்டனர். வருமானம் எல்லாம் அவர் கையிலிருந்த ஒரு கம்பெனிக்குப் போகும். பாடுகிறவர்களுக்கு அங்கிருந்து சம்பளம் வரும். இதுதான் ஏற்பாடு. 1970 டிசம்பர் முதல் 1971 அக்டோபர் வரைக்குமான கணக்கு வெளியாகியிருக்கிறது. மோலண்டுக்கு 8,339 டாலர், கிப்பின்ஸுக்கு 6,861, எவன்ஸுக்கு 6,211, பாட்டுகளில் பெரும்பகுதியை இயற்றிய ஹாமுக்கு 5,959. ஆக நால்வருக்கும் 27,370 டாலர். மானேஜரின் கமிஷன் மட்டும் 75,744 டாலர்! செக்ரோல் எழுதியே பிழைக்கும் கிராணியாகிய நாம் இந்தக் கணக்கைப் படிக்கையில் சாபம் எந்த வரியில் இருக்கிறது என்று தேடினோம். காணவில்லை. கமிஷன் வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பின்னர் வார்னர் கம்பெனியோடு ஒப்பந்தமாயிற்று. முன்பணமாகத் தனியே வைக்கப்பட வேண்டிய தொகையைக் காணோம் என்று அக்கம்பெனி 1974 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. புதிதாக வந்த இசைத்தட்டும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சம்பளமும் நின்றது. 1975 ஏப்ரல் 24ஆம் தேதி, 28ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கையில், பிறக்கவிருந்த தம் குழந்தையின் முகத்தையும் காணாமல், பீட் ஹாம் தற்கொலை செய்து கொண்டார். அவர் விட்டுச் சென்ற கடிதம் குற்றஞ்சாட்டியது விதியையன்று, மானேஜரை.

மற்றவர் கதி என்ன? உலகம் கேட்ட பாட்டை இயற்றிய எவன்ஸ் குழாய்களுக்கு உறை போடும் கூலி வேலைக்குப் போனார். மோலண்ட் கம்பளம் விரித்துப் பிழைத்தார். அப்பாட்டின் வருவாய்ப் பங்கைப் பற்றிய சச்சரவு எவன்ஸை இறுதிவரை விடவில்லை; 1983 நவம்பரில் அவரும் ஹாம் சென்ற வழியே சென்றார். கிப்பின்ஸ் 2005இல் காலமானார்; எஞ்சிய மோலண்ட் 2025 மார்ச்சில் மறைந்தார். மானேஜரோ 2009வரை வாழ்ந்தார்.

"கித்தாரை நம்பினவன் கதி இதுதான், ஒழுங்காக உத்தியோகம் பார்த்திருக்கலாம்" என்று நம் பெரியோர் சிலர் கூறுவர். ஐயா, அவர்களது கலை அவர்களைக் கைவிடவில்லையே! பாட்டு விற்றது, பணமும் வந்தது. வந்த பணம் போன வழியையன்றோ கேட்க வேண்டும்?

"கையொப்பமிட்டது அவர்கள்தாமே" என்பர் வேறு சிலர். இவ்வாதம் நமக்குப் புதிதன்று. முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் பாட்டனாரிடமும் "நீ ரேகை வைத்தாயே" என்றுதான் சொன்னார்கள். அவர் எழுத்தறியாதவர். ஸ்வான்சி இளைஞர் எழுத்தறிந்தவர். ஆயினும் வக்கீல்கள் எழுதிய பத்திரத்தின் உட்பொருள் அவர்களுக்கும் எட்டவில்லை. ஹாம் மானேஜரை இறுதிக்காலம்வரை நம்பினார் என்கின்றனர். நம்பினது பிழையென்றால், அந்த நம்பிக்கையை விலைபேசியதற்கு என்ன பெயர்?

2013இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முடிவில் இக்குழுவின் "பேபி புளூ" ஒலிக்க, மக்கள் மீண்டும் தேடி வாங்கினர். அதே ஆண்டில் ஸ்வான்சியில் ஹாமுக்கு நினைவுப் பலகையும் நாட்டினர். இறந்தவனுக்குப் பலகை நாட்டுவது எளிது. உயிரோடிருப்பவனுக்குக் கணக்குக் காட்டுவதே அரிது.

தோழர்களே! இன்று நம் பிள்ளைகளும் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், கம்பெனிகள் பத்திரம் நீட்டுகின்றன. மேடைக்காரனாயினும் பால்மரம் சீவுகிறவனாயினும், பணம் யார் பெயரில் சேருகிறது, கணக்கை யார் பார்க்கலாம், விலக வேண்டின் வழி யாது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்குமுன் பேனாவைத் தொடாதிருக்கட்டும். ஜாதகம் பார்க்கச் செலவிடும் காசை ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பத்திரத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.