சட்டைப் பைக்கு ஒரு நியாயம், தோள்பைக்கு ஒரு நியாயம்

எங்கள் கிளையில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். இதை நாங்கள் யாரும் அவமானமாக நினைத்ததில்லை.

ஆனால் போதைப்பொருள் வழக்கில் 'சோதனை முறைப்படி நடக்கவில்லை' என்று ஒருவர் விடுதலையானால் மட்டும் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. போன ஞாயிறு இங்கே அகமதாபாத்தில் நண்பர் வீட்டிலும் இதே பேச்சுதான். 1985-ஆம் வருஷச் சட்டத்தின் 50-வது பிரிவு அப்படி என்ன கேட்கிறது? உடலைச் சோதிக்கும் முன், 'கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு' என்று சொல்ல வேண்டும். குஜராத்திலிருந்து போன ஜடேஜா வழக்கில், 2010-ல், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இதைக் கறாராகப் பின்பற்றியே ஆகவேண்டும் என்றார்கள். 250 கிராமுக்கு மேல் ஹெராயின் என்றால் குறைந்தது பத்து வருஷம் சிறை. 'எனக்குத் தெரியாது' என்று நிரூபிக்கும் வேலையும் பிடிபட்டவர் தலையில்தான். இவ்வளவு பெரிய தண்டனைக்கு ஒரு இரண்டாவது சாவி கூடாதா?

எனக்கு இடிப்பது வேறு. கையில் கொண்டுபோகும் பைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. 2005-ல் சொன்னதை 2023-லும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. சட்டைப் பையில் நமக்குத் தெரியாமல் ஒன்றைத் திணிப்பது கஷ்டம். ரயிலில் பெர்த்துக்கு அடியில் கிடக்கும் பையில் திணிக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள்? காலேஜில் படிக்கும் என் பையன் ஒவ்வொரு லீவுக்கும் நவஜீவனில்தான் சென்னையிலிருந்து வந்து போகிறான். பைக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.