ஏலகிரி ஊட்டி அல்ல

ஏலகிரி வீடுகளில் பழைய தேக்கு ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு, யுபிவிசி சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போடச் சொல்கிறார் ஒரு கட்டுரையாளர். ‘மலைக்குளிர்’ என்பதுதான் அவர் காரணம். எந்த மலை? ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான். இங்கே டிசம்பர் இரவுக்கு ஒரு போர்வை கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

உயரத்தால் வரும் உண்மையான சிக்கலை அவர் தொடவே இல்லை. கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளிப் பட்டறையில் வாயு அடைத்து மூடிய இரட்டைக் கண்ணாடியை மேலே கொண்டுபோனால், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்திருக்கும். கண்ணாடி வெளிப்புறம் புடைக்கும், ஓரத்து ஒட்டுப்பசை இழுபடும். பசை விட்டால் உள்ளே ஈரம் புகுந்து, துடைக்கவே முடியாத மூட்டம் படியும். அழுத்தத்தைச் சமன்செய்ய நுண்குழாய் வைக்கலாம். ஆனால் குழாய் திறந்திருந்தால் உள்ளே நிரப்பிய ஆர்கான் வாயு தங்காது. அதற்கும் சேர்த்துத்தானே காசு வாங்குகிறார்கள்!

அவர் சொல்லும் ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். மலைக்காற்றுக்காக வீடு கட்டியவருக்கு இது என்ன யோசனை? தேக்கு நிலை உளுக்காதிருந்தால் கீலை மாற்றி, ரப்பர் பட்டை ஒட்டினால் போதும். அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிவாக இல்லாவிட்டால் எந்த ஜன்னலும் ஐப்பசி மழையில் ஒழுகும்.

அவர் யோசனை பொருந்தும் இடம் கீழே சமவெளி. ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்கு அருகில் குடியிருப்பவருக்கு இறுக மூடும் ஜன்னல் தேவைதான். அங்கிருந்து வரும் சல்பைடு வாயு பித்தளைக் கொக்கியையே கறுக்கவைக்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகு போடச் சொல்லட்டும்.