‘வயசானா அப்படித்தான்’ என்று எழுதியவருக்கு

சென்ற இதழில் மறதியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கத்தரித்து, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறார். வயது 68. பதினொரு வருடமாக பிபி. கட்டுரையைப் படித்த மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். “இவ்வளவு படிச்சவரே எழுதியிருக்காரும்மா, வர்றது வந்துதான் தீரும்னு” என்று அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். அதனால்தான் எழுதுகிறேன். இல்லையென்றால், அழகான நடையில் எழுதப்பட்ட தப்பான கட்டுரை என்று பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

நீங்கள் சொன்னதை முதலில் நேர்மையாகத் திருப்பிச் சொல்கிறேன். மறதி முதுமையில் தானாக நிகழும் உதிர்வு, நோயல்ல. யாருக்கு வரும் என்பது பிறக்கும்போதே மரபணுவில் எழுதியாகிவிட்டது. நடை, தூக்கம், உப்பு, பிபி என்று மருத்துவர்கள் அடுக்குவதெல்லாம் வியாபாரம். அன்றாடப் பழக்கங்களால் மூளையைக் காக்கலாம் என்று சொல்லிச் சொல்லி, நோய் வந்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இதற்கெல்லாம் சாட்சி, 94 வயதுவரை நினைவு தவறாமல் வாழ்ந்த உங்கள் பாட்டி.

வியாபாரம் நடக்கிறது என்பது உண்மை. அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஞாபக சக்தி பெருகும் என்று உலகமெங்கும் விற்ற ஜிங்கோ மாத்திரையை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் சோதித்து, மறதிநோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் அறிவித்தார்கள். மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. இவற்றைக் கிழித்து எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன். நீங்களோ அந்தப் புட்டிகளையும், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுக்கும் பிபி மாத்திரையையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். சாயங்காலம் அரைமணி நேரம் நடப்பதில் யாருக்கு என்ன லாபம்? அப்பளத்தையும் ஊறுகாயையும் குறைத்துக்கொள்ளச் சொல்வதில் எந்தக் கம்பெனி பிழைக்கிறது? கட்டுரையில் ஒரு வரிகூட அதற்குப் பதில் சொல்லவில்லை.

மறதி நோயல்ல என்கிறீர்கள். பேரன் பெயர் நாக்கு நுனியில் வந்து நிற்பது நோயல்லதான். முப்பது வருடம் புழங்கிய வீட்டில் கொல்லைப்புறம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒருத்தி நிற்பது நோய். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் மறதிநோய் உள்ளவர்கள் 7.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்று நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023இல் கணக்கிட்டது. நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு வருவதை முதுமையின் பொதுவிதி என்று சொல்வதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

அப்படி நின்றவள் என் அம்மா.

தெருவில் நடந்த ஏலச்சீட்டுக் கணக்கு முழுவதையும் நோட்டு இல்லாமல் மனசில் வைத்திருந்தவள். யார் எந்த மாதம் எத்தனை தள்ளி எடுத்தார்கள் என்று ஐந்து வருடம் கழித்துக் கேட்டாலும் சொல்வாள். அறுபத்திரண்டில் காது மந்தமானது. நாங்கள் இரண்டுமுறை கத்திச் சொன்னோம், மூன்றாவது முறை “ஒண்ணுமில்ல விடு” என்றோம். கொஞ்ச நாளில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்தோம். காது மிஷின் வாங்கலாமா என்று கேட்டதற்கு, நாங்கள் பார்த்த மருத்துவர் தலைநிமிராமல் சொன்னார்: “வயசானா அப்படித்தான்.” பிபி மாத்திரையும் இப்படியேதான் போயிற்று. தலைச்சுற்றல் நின்றதும் அம்மா அதை நிறுத்தினாள், நாங்களும் கேட்கவில்லை. அறுபத்தேழில் தெருமுனைக் கடைக்குப் போனவளைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கூட்டிவந்து விட்டார். ஸ்கேனில், வெளியே தெரியாமல் வந்துபோன சின்னச் சின்ன பக்கவாதங்களின் தழும்புகள் மூளை முழுக்கச் சிதறிக் கிடந்தன. எழுபத்து மூன்றில் போனாள். கடைசி இரண்டு வருடம் என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

மாத்திரையும் மிஷினும் இருந்திருந்தால் அம்மா கட்டாயம் தப்பியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. தனி ஒருவருக்கு அப்படி உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் அந்த ஐந்து வருடம் அவளுக்காகச் செய்யக்கூடியவை இருந்தன, நாங்கள் செய்யவில்லை. செய்யவிடாமல் எங்களைத் தடுத்தது நீங்கள் இப்போது இலக்கியமாக்கியிருக்கும் அதே வாக்கியம்.

மூளையை ஏதோ ஆன்மாவின் இருப்பிடம் போல எழுதுகிறீர்கள். அது ரத்தம் குடித்து வாழும் உறுப்பு. உடம்பின் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்கிறது. அந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோவது தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள். வருடக்கணக்கில் அழுத்தம் ஏறிய ரத்தம் அவற்றின் சுவரை அடித்துத் தடிக்க வைக்கிறது. சுவர் தடித்தால் உள்வழி குறுகும். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் பயிர் காய்வது போல மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்பிழைகள் காய்கின்றன. வலிக்காது. காய்ச்சல் வராது. அதனால்தான் என் அம்மாவும் எங்கள் தெருப் பெரியவரும் மாத்திரையை வெகு சுலபமாக விட்டுவிட முடிகிறது.

இதை ஊகம் என்று ஒதுக்க முடியாது. சீனாவின் 326 கிராமங்களில், பிபி கட்டுக்குள் இல்லாத ஏறத்தாழ 34,000 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை. மீதியில், பெரிய டாக்டர்கள் யாருமில்லை, கிராம வைத்தியப் பணியாளர்களே வீட்டுக்கு ஒரு பிபி கருவி கொடுத்து, மாத்திரையைச் சரிபார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி விடாமல் பின்தொடர்ந்தார்கள். நான்கு வருட முடிவில் அந்தக் கிராமங்களில் மறதிநோய் 15 சதவீதம் குறைந்திருந்தது. 2025இல் வெளியான முடிவு இது. நம் ஊரில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, ஷுகர் மாத்திரையைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக ஏறி இறங்கும் பெண்களை நினைத்துக்கொண்டு இந்த முடிவைப் படித்தேன். அவர்கள் இதயத்தை மட்டும் காக்கவில்லை. அந்தப் பெண்கள் கொடுத்துவிட்டுப் போகும் மாத்திரையை வாங்கி மூலையில் வைக்கச் சொல்லும் கட்டுரை உங்களுடையது.

மரபணுவுக்கு வருவோம். அபோ-ஈ4 என்ற மரபணு வகை அல்சைமர் வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாய்ப்பு வேறு, தீர்ப்பு வேறு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊர் மக்களை 1948 முதல் தலைமுறை தலைமுறையாகப் பரிசோதித்து வருகிறார்கள். அங்கே 1970களின் கடைசியில் இருந்ததோடு ஒப்பிட்டால், 2010 வாக்கில் புதிதாக மறதிநோய் வருவோரின் விகிதம் 44 சதவீதம் குறைந்துவிட்டது. முப்பது வருடத்தில் ஓர் ஊரின் மரபணு மாறாது. பிபிக்கு மருந்து எடுப்பது, புகைப்பது, படிப்பது எல்லாம் மாறும். அந்தக் குறைவு பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே தென்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எல்லாமே தலையெழுத்து என்றால் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் தலையெழுத்து ஏன் வேறு வேறாக ஓடியது?

ஒரு சர்வதேச நிபுணர் குழு லான்செட் இதழில் 2024இல் வெளியிட்ட அறிக்கையை நீங்களே எடுத்துக்காட்டினீர்கள். காது மந்தம், பிபி, ஷுகர், கொழுப்பு, புகை, தலையில் அடி, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறை, படிப்பின்மை உட்பட 14 காரணங்கள். அத்தனையையும் நீக்க முடிந்தால் உலகில் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. இதைப் படித்துவிட்டு, மீதி 55 கைமீறியதுதானே, பிறகெதற்கு இந்தப் பாடு என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி வயலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்பதற்காக மீதிப் பாதியை அறுக்காமல் விடுகிற ஒரு விவசாயியை எனக்குக் காட்டுங்கள். அந்த 45இல் காது மந்தத்தின் பங்கு மட்டும் 7. பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் இரண்டில் அது ஒன்று. உங்கள் கட்டுரையில் காது என்ற சொல்லே இல்லை.

காது போனால் மூளைக்கு என்ன? பாதி கேட்ட வாக்கியத்தை முழுசாக்குவதிலேயே மூளை களைத்துப்போகிறது. அதைவிட மோசம், ஆள் பேச்சிலிருந்தே விலகிவிடுகிறார். அமெரிக்காவில் 70 வயது தாண்டிய 977 பேரில் பாதிப் பேருக்குக் காது மிஷின் கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். மொத்தமாக எடுத்தால் வித்தியாசமில்லை. ஆனால் ஏற்கெனவே பிபி, ஷுகர் போன்ற ஆபத்துகள் அதிகமுள்ள பிரிவில், அறிவுத்திறன் சரியும் வேகம் பாதியளவு குறைந்தது. மொத்தத்தில் பலனில்லை என்பதை நான் மறைக்கவில்லை. கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாத நாம் காது மிஷினுக்கு வெட்கப்படுகிறோம், அப்பாவைச் ‘செவிடு’ என்று சிரிக்கிறோம். உங்கள் பேனா அங்கே போயிருக்க வேண்டும்.

நீங்கள் காட்டிய ஒரே சோதனை, மைண்ட் என்ற உணவுமுறையை 604 பேரிடம் பார்த்து 2023இல் தோற்றது. ஆம், தோற்றது. கீரையும் கொட்டையும் பழமும் மூன்று வருடம் சாப்பிட்டவர்களுக்கும், வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பிரிவினருமே எடை குறைந்தார்கள், இரண்டு பிரிவினருமே சோதனைகளில் முன்னேறினார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். ஒரு தட்டுச் சாப்பாடு மந்திரம் செய்யாது என்று அது காட்டுகிறது. உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிபி-ஷுகர் கண்காணிப்பு நான்கையும் சேர்த்து ஃபின்லாந்தில் 1,260 பேரிடம் இரண்டு வருடம் செய்த சோதனை 2015இல் நல்ல பலன் காட்டியதே, அது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?

உங்கள் பாட்டியைப் பற்றி மரியாதையோடு எழுதுகிறேன். அவர் எந்தப் பழக்கமும் பேணாமல் 94 வரை வாழ்ந்தார் என்கிறீர்கள். ஆனால் உங்கள் கட்டுரையின் இரண்டாவது பத்தியிலேயே அவர் விடியலில் குளத்துக்கு நடக்கிறார், கிணற்றில் சேந்துகிறார், குந்தாணியில் இடிக்கிறார், விளக்கு வைத்ததும் படுக்கிறார், தெருவே அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசுகிறது. பாலக்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் இரண்டு மொழி பேசுகிறார். ஹைதராபாதில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்தபோது, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாக வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. மருத்துவர்கள் பேணச் சொல்வதையெல்லாம் பேணிய ஒருவரை, எதையும் பேணாததற்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள். அவரோடு விளையாடி, ஐம்பத்தைந்திலேயே ‘வாதம் அடித்து’ப் போனவர்களைப் பற்றிப் பேச இன்று யாரும் இல்லை. மிஞ்சியவர் ஒருவரைப் பார்த்து விதி எழுதக்கூடாது.

உங்கள் வாதங்களில் எனக்கு வலித்தது கடைசிதான். பழக்கவழக்கம் பற்றிப் பேசுவது நோயாளியைக் குற்றம் சாட்டுவது என்றீர்கள். நானே இதை இரவுகளில் யோசித்திருக்கிறேன். என் அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள், அவளா அதைத் தேர்ந்தெடுத்தாள்? அந்த இந்திய ஆய்வில் பெண்களுக்கும், பள்ளி போகாதவர்களுக்கும், கிராமத்தில் இருப்பவர்களுக்கும்தான் நோய் அதிகம். விறகுப் புகையை அவள் விரும்பியா சுவாசித்தாள்? இல்லை. அப்படியென்றால் பெண் பிள்ளையைப் படிக்க வை, வட்டத்துக்கு வட்டம் காது பரிசோதனை வை, நடக்க நடைபாதை போடு, காற்றைச் சுத்தம் செய் என்று அரசைக் கேட்டிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்மேல் இரக்கம் என்று தொடங்கி, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று முடித்திருக்கிறீர்கள். பணமுள்ளவர் உங்கள் கட்டுரையை ரசித்துவிட்டு மறுநாள் காலை தன் டாக்டரிடம் போவார். நம்பி மாத்திரையை நிறுத்துவது எங்கள் தெருப் பெரியவரைப் போன்றவர்.

நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து நர்ஸைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல்முறை 172க்கு 100. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார், 168க்கு 98. “எத்தனை நாளா மாத்திரை போடல தாத்தா?” என்று நர்ஸ் கேட்டார். அவர் டப்பாவைத் திறந்து உங்கள் கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். நான் சொல்வதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை. நீங்கள் எழுதினால் நம்புவார். அடுத்த இதழில் எழுதுங்கள்.