இருட்டில் பார்க்கும் கேமரா முதலில் யாருக்கு வேண்டும்?



இந்தச் சுவர் இதழுக்கு அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று அறிவியல் டீச்சர் சொன்னாங்க. எல்லாரும் ராக்கெட், ரோபோ என்று எழுதுவீர்கள். நான் வண்டி லைட்டைப் பற்றி எழுதப் போகிறேன். லைட்டில் என்ன பெரிய அறிவியல் என்று சிரிக்காதீங்க. முழுசாப் படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

எங்க அப்பா லோடு வண்டி ஓட்டுறாங்க. குட்டியானைன்னு சொல்வோமே, அந்த வண்டி. விடிவதற்கு முன்னாலேயே தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவாங்க. போன தை மாதம், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தவங்க சாப்பிடவே இல்லை. திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாங்க. அம்மா கேட்டுக்கேட்டு அப்புறம்தான் சொன்னாங்க.

"எதிர்ல ஒரு பஸ்ஸு. லைட்டை டிம் பண்ணவே இல்ல. கண்ணு ரெண்டும் வெள்ளையாப் போச்சு. பஸ்ஸு தாண்டுனப்புறம் பாத்தா, வண்டிக்கு முன்னாடி ஒரு அம்மா. காவிச் சேலை. இடுப்புல புள்ள. ஒரு முழம் தள்ளித்தான் வண்டி நின்னுச்சு."

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவங்க. கூட்டத்தில் இருந்து கொஞ்சம் பின்தங்கி நடந்து வந்திருக்காங்க. வண்டியில் இருந்த இரண்டு பெட்டி தக்காளி ரோட்டில் கொட்டியதோடு போனது. "அந்தப் புள்ளைக்கு ஆயுசு கெட்டி" என்று எங்க அப்பத்தா சொன்னாங்க. எனக்கு அன்றைக்குத் தோன்றியது இதுதான். ஆயுசு கெட்டி என்பதை மட்டும் நம்பி ரோட்டில் நடக்க முடியுமா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல். டிம் பண்ணிய லைட்டில் சுமார் 50 மீட்டர் வரைதான் ரோடு நன்றாகத் தெரியும். அதாவது ஓட்டுபவருக்குக் கிடைப்பது மூன்று வினாடி. அதற்குள் ஆளைப் பார்க்க வேண்டும், ஆள்தான் என்று புரிய வேண்டும், பிரேக்கை மிதிக்க வேண்டும், வண்டி நிற்கவும் வேண்டும். இதில் எதிரே வரும் வண்டி கண்ணைக் கூச வைத்துவிட்டால் அந்த மூன்று வினாடியும் போச்சு. கண் பழையபடி இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். வண்டியோ அதற்குள் போய்க்கொண்டே இருக்கும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 461 பேருக்கு மேல் வருகிறது. நம்ம பள்ளிக்கூடம் முழுவதையும் எண்ணினாலும் அத்தனை பேர் வர மாட்டோம்.

சரி, இதற்கு அறிவியலில் என்ன வழி இருக்கிறது? இருக்கிறது. அகச்சிவப்புக் கதிர் என்று படித்திருக்கிறோம். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியாக விட்டு, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சூடு என்று வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்தைத் தாண்டி, எந்த வெளிச்சமும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது! கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அங்கே இருக்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். யுரேனஸ் கோளை 1781-இல் கண்டுபிடித்தவரும் இவரே.

உங்க வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். டி.வி. ரிமோட்டின் முன்பக்கம் ஒரு சின்ன பல்பு இருக்கும். பட்டனை அழுத்தினால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதையே செல்போன் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டு அழுத்துங்க. பல்பு மின்னுவது தெரியும். சில போனில் பின்பக்கக் கேமராவில் தெரியாது, முன்பக்கக் கேமராவில் பாருங்க. (பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவந்து பார்க்காதீங்க. டீச்சர் என்னைத்தான் திட்டுவாங்க.)

வண்டிகளில் இந்தக் கதிரை வைத்து இருட்டில் பார்க்க இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, வண்டியில் ஹெட்லைட்டோடு ஒரு அகச்சிவப்பு விளக்கும் வைப்பது. அது பிரைட் லைட் மாதிரி தூரம் வரைக்கும் அடிக்கும். ஆனால் எதிரே வருபவர் கண் கூசாது, ஏனென்றால் அவருக்கு அது தெரியவே தெரியாது. ரோட்டில் பட்டுத் திரும்பி வரும் கதிரைக் கேமரா பார்த்து, ஓட்டுபவருக்குப் படமாகக் காட்டும். கடைகளில் இருக்கும் சிசிடிவி கேமரா ராத்திரியில் கறுப்பு வெள்ளைப் படம் காட்டுகிறதே, அதுவும் இதே வேலைதான்.

இரண்டாவது வழியில் விளக்கே வேண்டாம். மனுசன், மாடு, நாய் என்று உயிருள்ள எல்லாரின் உடம்புச் சூட்டில் இருந்தும் அகச்சிவப்புக் கதிர் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டையே பார்க்கும் கேமரா இது. நல்ல கேமராவில் சுமார் 300 மீட்டர் தூரத்தில் வரும் ஆள்கூடத் தெரிவார். அப்பாவின் மூன்று வினாடியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. 60 கிலோமீட்டர் வேகத்தில் 300 மீட்டர் என்றால் 18 வினாடி! குழிவிரியன் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் குழி இந்த வேலையைத்தான் செய்கிறது. இருட்டில் எலியின் சூட்டை வைத்தே பிடித்துவிடும். பாம்புக்கு இருப்பது பஸ்ஸுக்கு இல்லை.

இது புதுசா என்றால், இல்லை. 2000-ஆம் ஆண்டு மாடலிலேயே அமெரிக்காவின் காடிலாக் டிவில் காரில் சூடு பார்க்கும் கேமரா வந்துவிட்டது. 2002-இல் ஜப்பானின் டொயோட்டா, அகச்சிவப்பு விளக்கு அடிக்கும் முறையைக் கொண்டு வந்தது. 2004-இல் ஹோண்டா லெஜண்ட் காரில், ரோட்டில் ஆள் நடப்பதைக் கண்டுபிடித்து ஓட்டுபவருக்கு எச்சரிக்கை கொடுக்கும் வசதி வந்தது. 2005-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் கார்களிலும் வந்தது. அதாவது நான் பிறப்பதற்குப் பல வருசம் முன்னாடியே இதெல்லாம் வந்தாச்சு.

என் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. இத்தனை வருசம் ஆகியும் இது ஏன் பணக்காரர்களின் காரில் மட்டும் இருக்கிறது? விலை கூடிய கார் ராத்திரி எத்தனை மணி நேரம் ஓடும்? விடிய விடிய ஓடுவது லாரி, பஸ், பால் வண்டி, காய்கறி வண்டி, ஆம்புலன்ஸ். விடிய விடிய ரோட்டோரம் நடப்பது பாதயாத்திரைக்காரர்கள், ஆடு ஓட்டிப் போகிறவர்கள், கடைசி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் மில் வேலை அக்காக்கள். யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களிடம் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. முதலில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வர வேண்டும், அப்புறம் காருக்கு வரட்டும் என்பதே என் கருத்து.

இதற்குச் சிலர் மறுப்புச் சொல்லலாம். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று, விலை. உண்மைதான். உடம்புச் சூட்டுக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வராது. அதனால் இந்தக் கேமராவை டிரைவர் கண்ணாடிக்கு உள்ளே வைக்க முடியாது, வண்டியின் முன்பக்கம் வெளியே வைக்க வேண்டும். அதன் லென்சும் ஜெர்மானியம் போன்ற விலை கூடிய பொருளில் செய்தது. ஆனால் செல்போனும் ஒரு காலத்தில் பணக்காரர்களிடம் மட்டும்தான் இருந்தது. நிறையப் பேர் வாங்க ஆரம்பித்ததும் விலை இறங்கியது.

இரண்டு, நம்ம ஊர் வெயில். சூடு பார்க்கும் கேமராவுக்கு ஆளின் சூடும் சுற்றி இருக்கும் சூடும் வேறு வேறாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பொழுது சாய்ந்தும் தார் ரோடு கொதிக்கும். அப்போது ஆளும் ரோடும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால் படம் மங்கலாகும். கனத்த மழையிலும் பார்வை குறையும். ஆனால் மார்கழி, தை மாதப் பனியில் ரோடு குளிர்ந்துவிடும், ஆள் பளிச்சென்று தெரிவார். பாதயாத்திரைக் கூட்டம் நடப்பதும் அந்த மாதங்களில்தானே!

மூன்றாவது மறுப்பு எங்க அப்பாவுடையது. நான் இதையெல்லாம் சொன்னதும் அப்பா சிரிச்சாங்க. "மெசினு பாத்துக்கும்னு நெனச்சு இன்னும் வேகமாத்தான் போவாங்க பாப்பா" என்றாங்க. இதற்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அப்பா சொல்வது சரிதான். ஓட்டுபவர் படத்தையே பார்த்துக்கொண்டு ரோட்டைப் பார்க்காமல் விட்டாலும் ஆபத்துதான். அதனால் கேமரா மட்டும் போதாது. ஆள் தெரிந்தால் சத்தம் கொடுக்க வேண்டும், வேகத்துக்குக் கட்டுப்பாடும் வேண்டும். ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டால் கவனம் குறையும் என்று யாராவது கண்ணாடி போடாமல் இருக்கிறார்களா?

இன்னொரு வழியும் எனக்குத் தோன்றுகிறது. 2021 நவம்பரில் கோயம்புத்தூர் நவக்கரை பக்கத்தில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்துப் போயின. அதற்கப்புறம் 2024-இல் நம் வனத்துறை, மதுக்கரை காட்டில் ரயில் பாதை ஓரமாக 12 கோபுரங்கள் நட்டு, சூடு பார்க்கும் கேமராவும் சாதாரணக் கேமராவும் வைத்தது. யானை தண்டவாளத்துப் பக்கம் வந்தால் அது கண்டுபிடித்துத் தகவல் கொடுக்கும். இதில் கேமரா ரயிலில் இல்லை, பாதையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்க. ஒரு கேமரா, அந்த வழியாகப் போகும் எல்லா ரயிலுக்கும் சேர்த்துப் பார்க்கிறது. யானைக்குச் செய்தது ரொம்ப நல்ல காரியம். அதே மாதிரி பழனி ரோட்டில் ஆபத்தான வளைவுகளில் கேமரா வைத்து, ஆள் நடமாட்டம் இருந்தால் ஒரு மஞ்சள் விளக்கு மின்னும்படி செய்யலாமே? அப்போது எங்க அப்பா புது வண்டி வாங்க வேண்டியதில்லை. குட்டியானை ஓட்டுகிறவருக்கும் அந்தக் கேமரா உதவும்.

இதெல்லாம் வருகிற வரைக்கும் நாம் சும்மா இருக்கலாமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதுக்கு? காசு இல்லாமலும் கொஞ்சக் காசிலும் செய்யக்கூடியது இருக்கிறது.

முன்னாடி ஹெட்லைட் நடுவில் கறுப்பு பெயின்ட் பொட்டு வைத்திருப்பார்கள். இப்போது அதை விட்டுவிட்டு, கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. லைட்டை மேலும் மேலும் மாட்டுகிறார்கள். உங்க அப்பாவோ அண்ணனோ வண்டி ஓட்டினால் எதிரே வண்டி வரும்போது டிம் பண்ணச் சொல்லுங்க. அதற்கு ஒரு விரல் போதும், ஒரு பைசா செலவில்லை.

நடப்பவர்கள், நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுப் பட்டை கடையில் கிடைக்கிறது. லைட் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும் பட்டை அது. கறுப்புச் சட்டை போட்டவர்கூட அதைக் கையில் கட்டியிருந்தால் தூரத்திலேயே தெரிவார்.

தலைமையாசிரியர் அய்யாவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தை மாதத்துக்குள் நம்ம பள்ளியில் எல்லார் புத்தகப் பையிலும் சைக்கிளிலும் இந்தப் பட்டையை ஒட்ட ஏற்பாடு செய்யுங்கள். ஒரு சுருள் வாங்கி வெட்டினால் ஒரு வகுப்புக்கே போதும். ஒன்பதாம் வகுப்பு நாங்கள் வெட்டி ஒட்டித் தருகிறோம். மிச்சம் இருந்தால், பாதயாத்திரை வருபவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் வைத்துக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அப்பா ஒரு விசயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை, இதை எழுதுகிறேன் என்று கேட்டபோதுதான் என்னிடம் சொன்னாங்க. "அந்த பஸ்ஸு மட்டும் இல்ல பாப்பா, நானும் பிரைட்லதான் வந்தேன். அதையும் எழுது." அதனால் எழுதிவிட்டேன். இப்போது எதிரே இருப்பவர் டிம் பண்ணாவிட்டாலும் அப்பா முதலில் டிம் பண்ணிவிடுகிறாங்க.

இருட்டில் பார்க்கும் கேமரா வரட்டும், எல்லாருக்கும் வரட்டும். அதுவரை நம் கண்ணும் விரலும் வேலை செய்யட்டும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசு உயர்நிலைப் பள்ளி